செய்யலாமா என்று கேட்ட பொத்தான்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் காசு வாங்கவில்லை. இப்படி ஆரம்பிக்கிறவனை யாரும் நம்ப மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நானே நம்ப மாட்டேன். இருந்தாலும் ஓடைக்குடி டீக்கடையிலும் சலூனிலும் பால் சொசைட்டியிலும் பேச்சு அப்படித்தான் ஓடுகிறது என்பதால் இதை எழுதவேண்டி வந்துவிட்டது.

என் பெயர் இராஜாங்கம். படுகை நெல் ஏற்பு வாரியத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தர். அறுவடை நடக்கிற மூன்று மாதம் நான் வாரியத்து ஆள். மீதி ஒன்பது மாதம் நான் யாரென்று வாரியத்துக்குத் தெரியாது. பதினேழு வருடமாக இதே பிழைப்பு. நன்னிலத்துக்கு ஏழு கிலோமீட்டர் தள்ளி ஓடைக்குடி நெல் நிலையத்தில், தகரக் கொட்டகைக்குக் கீழே உட்கார்ந்து, விவசாயிகள் கொண்டுவரும் நெல்லின் ஈரத்தை மீட்டரில் பார்த்து, தூற்றவைத்து, எடை போட்டு, நாற்பது கிலோ சிப்பமாகப் பிடித்து, பட்டியல் எழுதுவது என் வேலை. ஈரம் பதினேழு சதவீதம் வரைக்கும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்று திருப்பிவிட வேண்டும். இந்த வேலையில் இதைத் தாண்டி ஒரு ரகசியமும் கிடையாது.

இந்த வருடம் என்னிடமிருந்து பட்டியல் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்தார்கள். பேனா இருந்தால் கை இருக்கும், கை இருந்தால் நீளும் என்பது வாரியத்தின் எண்ணம். கம்ப்யூட்டருக்குள் ஒரு மென்பொருளை ஏற்றி அனுப்பியிருந்தார்கள். அதற்கு ‘நம்பிக்கை’ என்று பெயர். அதைத் திறப்பதற்கு மூன்று கடவுச்சொல்.

திறந்தால் விவசாயியின் பெயர், சர்வே எண், சிப்பக் கணக்கு என்று கட்டம் கட்டமாக வரும். எல்லாவற்றுக்கும் கீழே இரண்டு பொத்தான்கள் இருக்கும். சிறியது ‘வெளியேறு’. பெரியது ‘ஏற்பு’. ஏற்பை அழுத்திவிட்டால் நெல் வாரியத்துடையது. சீட்டு அச்சாகும், அந்தச் சீட்டுக்கு விவசாயிக்குப் பணம் வரும், லாரி வரும், மூட்டை கிடங்குக்குப் போகும். அழுத்தாதவரைக்கும் நெல் விவசாயியுடையது, வெயிலும் மழையும் அவர் பாடு.

இரண்டு பொத்தான்களுமே சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தன. ஏற்பை அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. யாரோ தன்னை அழுத்துகிறார்கள் என்பதைக்கூட அது காட்டிக்கொள்ளவில்லை.

முதல் ஆளாக நெல் கொண்டுவந்திருந்தவர் கீழத்தெரு செவ்வந்தி. அவருடைய அம்மா கூலிக்கு நடவு நட்ட அதே வயலில் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, தானே சாகுபடி செய்கிறார். இது மூன்றாவது வருடம். முதல் வருடம் வெள்ளம், இரண்டாவது வருடம் தண்ணீர் வரவில்லை. இந்த வருடம்தான் விளைந்திருந்தது. இந்த நெல்லும் காசாகவில்லையென்றால் சித்திரையில் குத்தகையை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவதாக நிலத்துக்காரர் சொல்லிவிட்டார். பொன்மணி நெல், நூற்றுப்பத்துச் சிப்பம் தேறும். களத்தில் அம்பாரமாகக் கொட்டியிருந்தார். மீட்டரில் போட்டுப் பார்த்தேன். பதினாறு புள்ளி இரண்டு.

“நல்லாக் காயவச்சிருக்கீங்கம்மா” என்றேன்.

“ரெண்டு நாளு ரோட்டுல போட்டுக் கிண்டுனேண்ணே. பஸ்காரங்ககிட்ட நான் வாங்காத திட்டு இல்ல. எப்ப மூட்டை பிடிப்பீங்க?”

“பொத்தான் எரிஞ்சதும் உங்களோடதுதான் முதல்ல.”

“எப்ப எரியும்?”

அதைக் கேட்டுத்தான் மூன்று நாள் போன் செய்தேன். மண்டல அலுவலகத்தில் ஒவ்வொருவரும் என் பெயரையும் என் அப்பா பெயரையும் எழுதிக்கொண்டு போனை வைத்தார்கள். நான்காம் நாள் காலையில் கும்பகோணம் பஸ் பிடித்து, மாறி, தஞ்சாவூர் தலைமையிடத்துக்கே போய்ச் சேர்ந்தேன்.

வாரியத்தின் முறைமை அலுவலர் நாகநாதன் என்பவர்தான் அந்த மென்பொருளுக்குப் பொறுப்பு. என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “நீங்க ஏன் அந்தப் பொத்தானை அழுத்தணும்னு நினைக்கிறீங்க?” என்றார்.

“அழுத்தினாத்தான் சார் நெல்லு ஏற்பாகும்.”

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பொத்தான் மேலயே எழுதியிருக்கு சார்.”

“எழுதியிருக்கறதையெல்லாம் நம்புவீங்களா?” என்று கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மணி அடித்து ஃபஹ்மிதாவை வரச் சொன்னார்.

ஃபஹ்மிதா அந்த மென்பொருளை எழுதிய கம்பெனிப் பெண். மயிலாடுதுறையிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவர். அந்தக் கட்டடத்தில் நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்ன ஒரே ஆள்.

“பொத்தானுக்குப் பின்னாடியே வேலைய எழுதக்கூடாது சார்” என்று ஆரம்பித்தார். “பொத்தான் வெறும் முகம். வேலை செய்யறது அந்தப் பக்கம் வேற ஒண்ணு இருக்கு. வியூ மாடல்னு சொல்வோம். அதுக்குள்ள ‘ஏற்பு’ன்னு ஒரு கமாண்ட் இருக்கு. பொத்தானையும் கமாண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டிருக்கோம். அது பைண்டிங். கமாண்டுக்கு ரெண்டு பாகம். ஒண்ணு, செய்யலாமாங்கற கேள்வி. இன்னொண்ணு, செய்யற வேலை. கேள்விக்கு ஆமான்னு பதில் வந்தாத்தான் பொத்தான் பச்சையா எரியும். இல்லைன்னா மங்கிக் கிடக்கும். உங்க பொத்தான்ல கோளாறே இல்ல சார். அது பாவம், பதிலுக்காகக் காத்திட்டிருக்கு.”

எனக்கு முக்கால்வாசி புரிந்தது. புரிந்ததை நாகநாதன் உடனே குழப்பினார்.

“இந்தப் பொண்ணு வந்து விளக்கினப்ப எனக்கு மெய்சிலிர்த்துப் போச்சுங்க” என்றார். “பொத்தானுக்கு வேலை என்னன்னு தெரியாது. வேலை செய்யறதுக்கு, அழுத்தினவன் யாருன்னு தெரியாது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு கட்டு, அவ்வளவுதான். அடடா! நம்ம வாரியம் முப்பது வருஷமா கம்ப்யூட்டரே இல்லாம இதைத்தானே செஞ்சிட்டிருக்கு! ஜன்னல்ல மனு வாங்கறவனுக்கு அது எங்க போகுதுன்னு தெரியாது. முடிவு எடுக்கறவன் மனு கொடுத்தவன் மூஞ்சியைப் பார்த்ததே கிடையாது. பார்த்தா இரக்கம் வந்துடும். இரக்கம் வந்தா, எவ்வளவு வாங்கினேன்னு கேள்வி வரும். வெளிநாட்டுக்காரன் இப்பத்தான் இதைக் கண்டுபிடிச்சு ஒரு பேரு வச்சிருக்கான்.”

“சார், அந்தக் கேள்விக்குப் பதில் எப்ப வரும்?” என்றேன்.

“பதினொரு நிபந்தனை இருக்கு. பதினொண்ணுக்கும் ஆமான்னு வரணும்.”

ஒரு தாளைக் கொடுத்தார். விவசாயி மீது ஐயம் இல்லை. பட்டியல் எழுத்தர் மீது ஐயம் இல்லை. எடை மேடை மீது ஐயம் இல்லை. சாக்கு மீது ஐயம் இல்லை. சணல் மீது ஐயம் இல்லை. இப்படியே போய்ப் பதினோராவது, வாரியத்தின் மீது விவசாயிக்கு ஐயம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று, ஒரு முத்திரை. எல்லாம் தஞ்சாவூர் வந்து சேர்ந்தால், ஆமாம் என்ற பதில் சாயங்காலம் ஐந்து மணிக்கு நிலையத்துக் கம்ப்யூட்டரில் இறங்கும்.

தாளை ஓடைக்குடிக்குக் கொண்டுவந்து செவ்வந்தியிடம் காட்டினேன். பதினோராவதை அவர் இரண்டு தடவை படித்தார்.

“சந்தேகப்படலைன்னு நான் எழுதித் தரணுமா?”

“ஆமாம்மா.”

“எழுதித் தந்தாத்தான் நம்புவாங்கன்னா, அவங்க என்னைச் சந்தேகப்படறாங்கன்னுதானேண்ணே அர்த்தம்?”

“கையெழுத்துப் போட்டுடுங்கம்மா. நெல்லு வெட்டவெளியில கிடக்கு.”

போட்டார். சந்தேகத்தோடுதான் போட்டார். அதற்குத் தனியாகக் கட்டம் எதுவும் தாளில் இல்லை.

நான் தினமும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன். மவுஸை அதன் மேல் கொண்டுபோவேன், எடுப்பேன், திரும்பக் கொண்டுபோவேன். வேறு என்ன செய்வது? ஆறாம் நாள் காலையில் ஒரு ஜீப் வந்து நின்றது. வாரியத்தின் கண்காணிப்பு ஆய்வாளர் தியாகராசன் இறங்கினார். கையில் ஒரு கட்டுத் தாள்.

“நேத்து ஒரே நாள்ல நீங்க நாலாயிரத்து முந்நூத்துப் பதினாறு தடவை ‘செய்யலாமா’ன்னு கேட்டிருக்கீங்க” என்றார்.

“நான் ஒரு தடவைகூடக் கேக்கலைங்க சார்.”

“ரெக்கார்டு பேசுது.” தாளைப் பிரித்துக் காட்டினார். மணி, நிமிடம், விநாடி போட்டு, செய்யலாமா, இல்லை, செய்யலாமா, இல்லை என்று பக்கம் பக்கமாக அச்சடித்திருந்தது.

நான் பதறிப்போய் ஃபஹ்மிதாவுக்குப் போன் போட்டுத் தியாகராசனிடம் கொடுத்தேன். ஃபஹ்மிதா பொறுமையாகச் சொன்னது எனக்கும் கேட்டது. மவுஸ் நகர்ந்தாலோ விசையைத் தொட்டாலோ பொத்தான் தானாகவே அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்துக்கொள்ளும், அதன் சுபாவமே அதுதான், இதில் எழுத்தர் செய்தது ஒன்றுமில்லை. தியாகராசன் போனை வைத்துவிட்டு மவுஸையே கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார்.

“இங்க பாருங்க இராஜாங்கம். ஒருத்தன் ஒரு வேலையைச் செய்யலாமான்னு ஒரு தடவை கேட்டா மரியாதை. ரெண்டு தடவை கேட்டா ஆர்வம். நாலாயிரம் தடவை கேட்டா உள்ள ஏதோ இருக்கு. முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ் எனக்கு. வேலையைச் செய்தே தீருவேன்னு நின்னவனையெல்லாம் நான் பிடிச்சிருக்கேன். வேலை செய்யாம உக்காந்திருந்தவன் மேல இதுவரைக்கும் ஒரு கேஸ் போட்டதில்ல. போடறதுக்கு அவன்கிட்ட ஒண்ணும் இருக்காது. சுத்தமான கை.”

“மவுஸைத் தொடாம எப்படிங்க சார் வேலை பாக்கறது?”

“பார்த்தீங்களா, மறுபடியும் வேலைங்கறீங்க.”

அன்றிலிருந்து மவுஸ் நகர்வுப் பதிவேடு என்று ஒன்று பராமரிக்க உத்தரவானது. ஒரு நாளைக்குப் பத்து நகர்வு. எங்கிருந்து எங்கே, என்ன காரணம், சாட்சி யார். கம்ப்யூட்டருக்குள் கிடக்கும் தடயம் அழிந்துவிடக்கூடாது என்று சுவரில் இருந்த சுவிட்ச், கம்ப்யூட்டரின் சுவிட்ச், அரை மணி நேரம் மின்சாரம் தாங்கும் பேட்டரிப் பெட்டி, மூன்றின் மேலும் பசை தடவி, கையெழுத்துப் போட்ட காகிதச் சீல் ஒட்டினார். சீலைக் கிழித்தால் குற்ற வழக்கு, அன்றைக்குக் களத்தில் இருக்கும் நெல் முழுவதும் சான்றுப் பொருளாக முடக்கப்படும் என்று பெரிய எழுத்தில் ஒரு அறிவிப்பையும் மாட்டிவிட்டுப் போனார்.

பிறகு என்ன, நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். களத்தில் அதற்குள் எட்டுப் பேர் நெல் சேர்ந்து, எட்டுப் பேரும் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். எழுத்தர் கம்ப்யூட்டரைத் தொடக்கூட மாட்டேன் என்கிறான், கையைக் கட்டிக்கொண்டு காற்று வாங்குகிறான், தனியார் வியாபாரி ஆள் வேறு அடிமாட்டு விலைக்கு நெல் கேட்டுப் பைக்கில் களத்தைச் சுற்றி வருகிறான். இரண்டையும் சேர்த்து ஊர் கணக்குப் போட்டுவிட்டது. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதே கணக்கைத்தான் போட்டிருப்பேன்.

எட்டாம் நாள் செவ்வந்தி கொட்டகைக்குள் வந்தார். விடிந்ததும் நெல்லைப் பரப்பி, மத்தியானம் கிண்டி, பனி இறங்குவதற்குள் கூட்டிப் படுதா போட்டு மூடுவதே அவருக்கு எட்டு நாளாக வேலை. உள்ளங்கையெல்லாம் கொப்புளம்.

“சார், ஒளிக்காம சொல்லுங்க. எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?”

எனக்குச் சுருக்கென்றது. நாலு நாள் முன்னால் வரைக்கும் என்னை அண்ணே என்று கூப்பிட்டவர்.

“நான் ஒண்ணும் எதிர்பார்க்கலைம்மா. சத்தியமா இது பொத்தான் தகராறு.”

“பொத்தான் எங்க வீட்டு ரவிக்கையிலயும் இருக்கு சார். பூட்டத் தெரியாதவங்கதான் அதைக் குத்தம் சொல்வாங்க.”

நான் பதிவேட்டைக் காட்டினேன். சீலைக் காட்டினேன். தியாகராசன் மாட்டிய அறிவிப்பைப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நான் எவ்வளவு விளக்கினேனோ அவ்வளவுக்கு அவர் முகத்தில் சந்தேகம் ஏறியது. வங்கக்கடலில் ஏதோ காற்றழுத்தம், நாளை மறுநாள் மழை என்று செல்போனில் வந்த செய்தியைக் காட்டிவிட்டு, களத்துக்குத் திரும்பிப் போய்விட்டார்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் ஐந்தே காலுக்கு ஃபஹ்மிதா போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

“சார், பதினொண்ணும் வந்துடுச்சு! நானே ஒவ்வொரு செக்‌ஷனாப் போய் நின்னு வாங்கினேன். இப்ப பதில் ஆமா. பொத்தான் எரியுதா?”

“இல்லைம்மா.”

“நல்லாப் பாருங்க சார்.”

“ஒன்பது நாளா அதைத்தாம்மா பாக்கறேன். மங்கித்தான் கிடக்கு.”

அந்தப் பக்கம் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “அய்யோ” என்றார். “தியாகராசன் சார் ரிப்போர்ட் கொடுத்ததும், பொத்தான் தானாக் கேள்வி கேக்கற வழக்கத்தை எடுத்துடச் சொன்னாங்க சார். முந்தாநாள் இறங்கின புது வெர்ஷன்ல எடுத்துட்டேன். இனிமே பதில் மாறினா, மாறிடுச்சுன்னு தலைமையிடத்துல யாராவது பொத்தானுக்குச் சொல்லணும். சொன்னாத்தான் அது எழுந்து பார்க்கும். சொல்லலைன்னா பழைய பதிலையே நினைச்சுக்கிட்டுக் கிடக்கும்.”

“அப்ப சொல்லுங்களேம்மா!”

“சொல்றது யார் பொறுப்புன்னு இன்னும் ஆணை வரலை சார். என்னைத் தொடக்கூடாதுன்னுட்டாங்க.” குரலைத் தாழ்த்தினார். “ஒரு வழி இருக்கு. மென்பொருளை மூடித் திறங்க. திறக்கும்போது மட்டும் ஒரே ஒரு தடவை அது கேட்டுப் பார்த்துக்கும்.”

வெளியேறு பொத்தானைப் பார்த்தேன். அதுவும் மங்கித்தான் கிடந்தது. வெளியேறுவதற்கும் நிபந்தனை இருந்தது.

“அப்ப கரண்டை நிறுத்திப் போடணும் சார். வேற வழியில்ல” என்றார் ஃபஹ்மிதா.

சுவிட்சின் மேல் சீல். பேட்டரிப் பெட்டியின் மேல் சீல். நாகநாதனைப் போனில் பிடித்தேன். நாளைக்கு மழை சார், பதில் ஆமாம் என்று வந்துவிட்டது, சீலைப் பிரிக்க வாயால் ஒரு உத்தரவு கொடுங்கள் என்று கெஞ்சினேன். எனக்கு இதில் வெட்கமில்லை, கெஞ்சத்தான் செய்தேன்.

“பொத்தான் தானா எரியணும் இராஜாங்கம்” என்றார். “நாம எரியவச்சா அது தலையீடு. அப்புறம் இந்த மென்பொருளுக்கே அர்த்தமில்லாமப் போயிடும்.”

“மழை வந்தா நெல்லு போயிடும் சார்.”

“மழை நம்ம நிபந்தனையில இல்லையே” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பேசியதையெல்லாம் செவ்வந்தி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் திரும்பியபோது நேராகச் சுவர்ப்பக்கம் போய்ச் சுவிட்ச் முன்னால் நின்றார்.

“இந்தக் காகிதந்தானே சார்?”

“ஆமாம்மா.”

“இதைக் கிழிச்சா பொத்தான் எரியும்.”

“எரியும். ஆனா கேஸ் போடுவாங்க. உங்க நெல்லையும் சான்றுன்னு முடக்கிடுவாங்க. எட்டுப் பேர் நெல்லும் போயிடும்.”

“நீங்க கிழிக்க வேணாம், நான் கிழிக்கறேன். கேட்டா கீழத்தெருக்காரி வந்து கிழிச்சுட்டான்னு சொல்லிடுங்க.” கையை வைத்துவிட்டார்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தேன். உங்களுக்காகத்தான் சொல்கிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். பொய். அந்த நேரத்தில் எனக்கு நினைவு வந்ததெல்லாம் அடுத்த வருடப் பருவத்துக்கு என்னைக் கூப்பிடுவார்களா என்பதுதான். பதினேழு வருடம் மூன்று மூன்று மாதமாகச் சேர்த்த வேலை. செவ்வந்தி என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், விடுவித்துக்கொண்டு போய்விட்டார். நான் காசு வாங்கவில்லை, அது உண்மை. காசு வாங்கியவன்கூட அந்தக் கையைப் பிடித்திருக்க மாட்டான் என்பதும் உண்மை.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு மழை பிடித்தது. படுதாவும் தார்ப்பாயும் மேலேயிருந்து வரும் தண்ணீருக்குத்தான். எங்கள் களம் பள்ளம். வாய்க்கால் பக்கமிருந்து தண்ணீர் தரையோடு வந்து அம்பாரங்களுக்கு அடியில் புகுந்தது. எட்டுக் குடும்பமும் மண்வெட்டியோடு நின்று வரப்பு மாதிரி அணை போட்டது. செவ்வந்தி தன் வீட்டுக் கட்டிலைக் கொண்டுவந்து அதன் மேல் நெல்லை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார். ஒரு கட்டிலில் எத்தனை சிப்பம் கொள்ளும்? நானும் சட்டையைக் கழற்றிவிட்டு அள்ளினேன். யாரும் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. மத்தியானத்துக்கு மேல் மின்சாரம் போனது. அரை மணி நேரம் கழித்துக் கம்ப்யூட்டரும் அணைந்தது.

இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலையில் வெயில் அடித்தபோது அம்பாரத்திலிருந்து ஆவி கிளம்பியது. செவ்வந்தி கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். நெல் கொதகொதவென்று இருந்தது. ஒவ்வொரு மணியின் நுனியிலும் வெள்ளை வெள்ளையாக முளை. மீட்டரில் போட்டேன். முப்பத்தொன்று.

பத்தரை மணிக்கு மின்சாரம் வந்தது. சுவிட்சுகள் எல்லாம் தியாகராசன் ஒட்டிய சீலுக்கு அடியில் போட்டபடியே இருந்ததால் கம்ப்யூட்டர் தானாக எழுந்தது. ‘நம்பிக்கை’யும் எழுந்தது. மூன்று கடவுச்சொல்லையும் அடித்தேன். உள்ளே ஒரு தடவை கேட்டுப் பார்த்திருக்கும். ஏற்பு பொத்தான் பச்சைப் பசேலென்று எரிந்தது.

எனக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. ஃபஹ்மிதாவுக்குப் போன் போட்டேன். “ஈரம் முப்பத்தொண்ணும்மா. முளைச்சுப் போச்சு. பொத்தான் எப்படிம்மா எரியுது? ஈரத்தை அது பார்க்காதா?”

“நான் எழுதின முதல் நிபந்தனையே ஈரம்தான் சார். கமிட்டியில எடுத்துட்டாங்க. மீட்டரைப் படிக்கறது எழுத்தர், எழுத்தரோட கண்ணை நம்ப முடியாது, அதனால ஈரத்தைக் கேக்கவே வேணாம்னு நாகநாதன் சார் குறிப்பு எழுதினார்.”

செவ்வந்தி பக்கத்திலேயே நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையெல்லாம் சேறு.

“இப்ப அழுத்தினா எடுத்துக்குமா சார்?”

“எடுத்துக்கும்மா. ஆனா இந்த நெல்லை...”

“இந்த நெல்லுக்கு என்ன? போன வாரம் மாதிரி இப்பவும் பொத்தான் ஆகாதுன்னா சொல்லுது? பச்சையாத்தானே எரியுது. அழுத்துங்க.”

அழுத்தினேன். அரை விநாடி ஆகவில்லை. சீட்டு அச்சாகி வந்தது. விவசாயி செவ்வந்தி, நூற்றுப்பத்துச் சிப்பம், ஏற்கப்பட்டது, ஐயம் ஏதுமில்லை. மற்ற ஏழு பேருக்கும் அதே மாதிரி வந்தது. சாயங்காலம் லாரி வந்து, முளைவிட்ட நெல்லையெல்லாம் மூட்டை பிடித்து ஏற்றிக்கொண்டு போனது. யாரும் ஒரு மூட்டையைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை.

செவ்வந்தி சீட்டை நான்காக மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்துக்கொண்டார்.

“இதை அரைச்சு எங்க சார் அனுப்புவாங்க?”

“தெரியலைம்மா.”

“எனக்குத் தெரியும். நம்ம ரேஷன் கடைக்குத்தான் வரும். நான் வாங்கித்தான் ஆகணும், எனக்கு வேற வழி கிடையாது. நீங்களும் கார்டை எடுத்துக்கிட்டு வாங்க சார், வராம இருந்துடாதீங்க.”

இரண்டு மாதம் கழித்து ரேஷனில் அரிசி போட்டார்கள். வரிசையில் எனக்கு முன்னால் செவ்வந்தி நின்றார். அவர் பையைப் பிடித்து வாங்கிக்கொண்டு போனபிறகு நானும் வாங்கினேன். வீட்டில் உலையில் போட்டதுமே வாடை தெரிந்தது. வேண்டாம், கொட்டிவிடலாம் என்றாள் என் மனைவி. போடு என்று சொல்லி இலையின் முன்னால் உட்கார்ந்தேன். மாதக் கடைசி வரைக்கும் அதைத்தான் சாப்பிட்டேன்.